எத்தனையாவது குழந்தை?

சீனாவில், ஹாங்ஜோ நகரை ஒட்டிய ஓர் ஊரில் நடந்த கதை இது. கேட்கிறவர்கள் பாதியிலேயே யார் பக்கமாவது சாய்ந்துவிடாமல் கடைசிவரை கூடவே வர வேண்டும்.

அங்கே குடும்பப்பெயர் முதலில் வரும், சொந்தப்பெயர் பின்னால். குடும்பப்பெயர் மகன் வழியாகவே இறங்கிவந்தது. மகள் பெற்ற பிள்ளைகளுக்கு மருமகன் வீட்டுப் பெயர்தான். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று சட்டம் வந்தபோது, ஒரே மகளைப் பெற்றவர்களின் பெயர் அவளோடு நின்றுவிடும் என்றாயிற்று. பிறகு சட்டம் தளர்ந்தது. அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில புதுவழி கண்டன. கல்யாணத்தில் பெண்ணை அனுப்பிவைப்பதும் இல்லை, மாப்பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்வதும் இல்லை. முதல் குழந்தைக்குத் தகப்பன் வீட்டுப் பெயர், இரண்டாவதற்குத் தாய் வீட்டுப் பெயர்.

கூ யாச்சின் அப்படித்தான் ஷென் லெய்யைக் கட்டிக்கொண்டாள். இருவருமே ஒற்றைப் பிள்ளைகள். ஒப்பந்தத்தை அவர்களே எழுதிக்கொண்டார்கள். அவள் அப்பா கூ மிங்கானும் அவன் அப்பா ஷென் போவெனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு வாரம் ஷென் வீடு, மறு வாரம் கூ வீடு என்று வாழ்க்கை சுமுகமாகவே ஓடியது.

யாச்சினுக்கு முதல் பிரசவம் ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவே இல்லை.

மாமனார் போவென் அந்தச் சிறு உடலை அழுதபடி தன் கையிலேயே வாங்கிக்கொண்டார். ஷென் ஆன் என்று பெயரிட்டார். மூச்சே விடாத பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று உறவினர்கள் தடுத்தும் கேட்காமல், வம்சாவளிப் புத்தகத்தில் தன் மகனுக்குக் கீழே அதை எழுதிவைத்தார்.

அவள் அப்பா மிங்கான் அடக்கத்துக்கு வரவில்லை. மகள் அழுது அழுது உடைந்துபோவாள் என்று பயந்தார். நடந்தது பிரசவமே இல்லை, ஒரு நோய், அது தீர்ந்தது என்றார். தன் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டார். இனிப் பிறப்பதுதான் முதல் குழந்தை என்று அவள் தலையைத் தடவிச் சொன்னார். அந்தச் சொல் அவளுக்கு மாமனாரின் கண்ணீரைவிட அதிகமாக வலித்தது.

மூன்று வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அறுவை சிகிச்சையில் கருப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. இனிப் பிள்ளை இல்லை என்று மருத்துவர் சொன்னார்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகும் நாளில் இரண்டு அப்பாக்களும் தத்தம் காருடன் வந்துவிட்டார்கள். குழந்தைக்கு எந்த வீட்டுப் பெயரோ, பிரசவித்தவள் முதல் மாதம் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பிறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நால்வரும் நின்றார்கள். குழந்தை யாச்சினின் தோளில் தூங்கியது.

மாமனார் ஆரம்பித்தார். உயிரோடு வீட்டுக்கு வருவது இதுதான், ஆகவே இதுவே முதல் குழந்தை, ஷென் பெயர்தான் என்றார். மிங்கான் குறுக்கிட்டார். முதல் குழந்தைக்கு ஷென் என்று பெயர் வைத்துப் புத்தகத்திலும் ஏற்றியாயிற்று, இது இரண்டாவது, கூ பெயர்தான் என்றார். அன்று ஒரு பிள்ளை இருந்தது என்றவர் இன்று இல்லை என்கிறார். அன்று இல்லை என்றவர் இன்று இருந்தது என்கிறார்.

இரண்டு பெயரையும் சேர்த்து ஷென்கூ என்று வைத்தால் என்ன என்று லெய் மெல்லக் கேட்டான். எத்தனை எழுத்து சேர்த்தாலும் முதலில் வருவதைத்தான் குடும்பப்பெயராகப் பதிவோம் என்றாள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

லெய் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தான், மிங்கானைப் பார்த்தான். படிவத்தில் பேனா முனை படவே இல்லை. பிறகு அதை மனைவியிடம் நீட்டினான்.

"பெற்றவள் நீ. நீ என்ன எழுதினாலும் நான் கூட நிற்பேன்."

இரண்டு அப்பாக்களும் அவளையே பார்த்தார்கள். மாமனார் அவளுடைய மூத்த பிள்ளைக்காக அழுதவர். அவருக்கு விரோதமாக எழுத அவளுக்குக் கை வரவில்லை. அப்பா அந்தப் பிள்ளையை இல்லை என்றவர். அவர் கேட்பதைக் கொடுக்க மனம் வரவில்லை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இந்தக் குழந்தைக்குச் சேர வேண்டியது யாருடைய குடும்பப்பெயர்?

விடை: கூ. ஆனால் மிங்கான் கேட்டதற்காக அல்ல. இரண்டு அப்பாக்களும் தங்களுக்கு வசதிப்பட்டபோது எண்ணிக்கையை மாற்றினார்கள். மாற்றாதவள் யாச்சின் ஒருத்திதான். ஒப்பந்தம் எழுதியவளும் அவள், இரண்டு முறை பெற்றவளும் அவள். அவளைக் கேட்டால் இது இரண்டாவது குழந்தைதான். தன் மூத்தவனை மறைத்து மாமனாருக்கு நன்றி காட்ட அவளால் முடியாது. அப்பா மேல் உள்ள கோபத்துக்காகவும் முடியாது. "இவள் முதல் குழந்தை என்றால், ஆன் பெயரைப் புத்தகத்திலிருந்து அடித்துவிடுங்கள் மாமா. ஷென் என்றே எழுதுகிறேன்" என்று மட்டும் சொன்னாள். போவென் தலையை அசைத்து மறுத்தார். அவள் கூ என்று எழுதினாள். மிங்கான் முகத்தில் வெற்றி தெரியவில்லை. அவர் சம்பந்தியின் பக்கம் நகர்ந்து, தணிந்த குரலில், "ஆன் என்றுதானே சொன்னாள்? அவனை எங்கே அடக்கம் செய்தீர்கள்?" என்று கேட்டார்.