எருக்குழி லில்லி

சேர்வராயன் மலையில் மழை லில்லி வளர்ப்பவர்கள், எது எந்த ரகம் என்று தெரியாமல் திண்டாடும்போது தமயந்தியிடம் போவார்கள். மழை பெய்த மூன்றாம் நாள்தான் அந்தச் செடிகள் பூக்கும். பூ இல்லாத நாளில் நூறு ரகமும் வெங்காயத்தாள் போல ஒரே மாதிரி நிற்கும். தமயந்தி கண்ணை மூடிக்கொண்டு இலையை விரலால் நீவி ரகம் சொல்லிவிடுவார்.

வைத்தியலிங்கம் அவரிடம் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. தமயந்திக்கு நாற்பத்து நான்கு. கல்லூரியில் முப்பத்து நான்கு வருடம் தாவரவியல் நடத்தியவர், பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு பெண்ணை “டீச்சர்” என்று கூப்பிடுவது ஊராருக்கு வேடிக்கையாக இருந்தது. தமயந்தி அவரை “சார்” என்பார். அவர்கள் இருவருக்கும் அதில் வேடிக்கை எதுவும் இல்லை. தன் தோட்டத்திலேயே நான்கு பாத்திகளை ஒதுக்கிக் கொடுத்து, தமயந்தி அவருக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார்.

ஆறாம் வருடம் மே மாதம், மலையில் மலர்க்காட்சி தொடங்கிய அன்று மதியம், வைத்தியலிங்கம் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். மூச்சு வாங்கியது. கையில் தண்டோடு பறித்த ஒரு வெள்ளைப் பூ.

“திருடிட்டா டீச்சர்” என்றார்.

தமயந்தி மண் சலித்துக்கொண்டிருந்தார். “யாரு?”

“உங்ககிட்ட களை எடுக்கிறாளே, அங்காயி. அவதான். பெயின்ட் டப்பாவுல வச்சு காட்சிக்குக் கொண்டாந்திருக்கா. புது ரகம், புது ரகம்னு ஊரே சுத்தி நின்னு பாக்குது. இது என்னுது.”

“எப்படிச் சொல்றீங்க?”

“தண்டோட அடியைப் பாருங்க, சிவப்பு. அது தாய்ச்செடி. மோந்து பாருங்க, அந்த வாசனை தகப்பனோடது. இந்த மலையில அந்த ரெண்டையும் சேர்த்தவன் நான் ஒருத்தன்தான். என் கையால மகரந்தம் தொட்டு வச்சேன். நீங்களும் பக்கத்துல இருந்தீங்க.”

தமயந்தி பூவை வாங்கி இதழ்களை எண்ணினார். பதினெட்டு இருந்தன. மழை லில்லிக்கு வழக்கமாக ஆறுதான். தண்டின் அடியைப் பார்த்தார். முகர்ந்தார்.

“சரியாத்தான் சொல்றீங்க. உங்க விதையில வந்ததுதான்.”

“அதைத்தான் அங்கயும் சொன்னேன். நான் வச்சிருந்த மூணு கிழங்குல ஒண்ணு போன வருஷம் காணாமப் போச்சு. இப்பத்தான தெரியுது, எங்க போச்சுன்னு! கமிட்டிக்காரங்க அவ டப்பாவை மேசையிலேர்ந்து இறக்கிட்டாங்க.”

“பூ எப்படி உங்க கைக்கு வந்துச்சு?”

“தண்டோட அடியைக் காட்டணுமில்ல? பறிச்சேன்.”

“எல்லார் முன்னாலயுமா?”

“திருட்டுச் செடிக்கு என்ன மரியாதை டீச்சர்?”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“என்னத்தைச் சொல்லுவா? டப்பாவைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும். இது வைத்தியலிங்கத்தோட ரகம்னு நீங்க சொன்னா அதுக்கு மேல பேச்சே இல்ல.”

தமயந்தி சல்லடையைக் கீழே வைத்தார்.

“அந்த விதையில மொத்தம் எத்தனை நாத்து வந்துச்சு?”

“நாப்பத்து மூணு.”

“எத்தனை வச்சுக்கிட்டீங்க?”

“அதான் சொன்னேனே, மூணு. மத்ததெல்லாம் முதல் பூவே சூம்பிப்போய் வந்துச்சு. தேறாதுன்னு பிடுங்கிட்டேன்.”

“முதல் பூவைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, மூணாவது மழைக்குத்தான் ரகம் தன்னைக் காட்டும்னு சொல்லியிருந்தேன்.”

“சொன்னீங்க. பாத்தியில இடம் வேணுமே.”

“பிடுங்கின நாப்பதையும் எங்க போட்டீங்க?”

வைத்தியலிங்கம் தோட்டத்தின் கடைசிப் பக்கம் பார்த்தார்.

“எருக்குழியில.”

“எருக்குழியை அள்றது யாரு?”

தோட்டத்தில் குழியை அள்ளிச் சுத்தம் செய்வது அங்காயிதான் என்பது வைத்தியலிங்கத்துக்குத் தெரியும். ஆனாலும் அவர் குரல் முன்னைவிடப் பெரிதாக வந்தது.

“இருக்கட்டுமே! எறிஞ்சா மட்டும்? கிழங்கு என்னுதுதான? மூளை என்னுது, உழைப்பு என்னுது. ஒரு வார்த்தை கேட்டு எடுத்திருக்கலாமில்ல?”

தமயந்தி எழுந்து நடந்தார். வைத்தியலிங்கம் பின்னால் போனார். தோட்டத்தின் கடைசியில், இடுப்பளவு ஆழத்தில் எருக்குழி இருந்தது. ஈக்கள் எழும்பி மீண்டும் உட்கார்ந்தன.

“இறங்குங்க” என்றார் தமயந்தி.

“என்ன டீச்சர்?”

“உங்களுது எதெதுன்னு பொறுக்கிக்குங்க. நீங்க குடிச்ச டீத்தூள் இருக்கு. நேத்து நீங்க தின்ன பலாச்சுளையோட சக்கை இருக்கு. ஒண்ணையும் விடாம எடுத்துக்கிட்டுப் போங்க. இல்லேன்னா அதையும் யாராவது தொட்டுருவாங்க, உங்களைக் கேக்காம.”

“நான் அந்த அர்த்தத்துல சொல்லல.”

“இறங்குங்க சார்!”

இத்தனை வருடத்தில் தமயந்தி குரல் உயர்த்தி அவர் கேட்டதில்லை. பாத்தியில் வேலையாக இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். வைத்தியலிங்கம் குழியின் விளிம்பில் நின்றார். இறங்கவில்லை. திரும்பி விறுவிறுவென்று வெளியே போனார்.

அவர் நேராகக் காட்சி அரங்குக்குத்தான் போனார். வழியெல்லாம் தமயந்தியைத் திட்டிக்கொண்டே போனார். அரங்கை நெருங்கும்போது திட்டுவதற்கு ஆள் மாறியிருந்தது. கமிட்டிக்காரரிடம், “அந்தச் செடியைத் திரும்ப மேசையில வைங்க” என்றார்.

“என்ன சார், நீங்கதான எடுக்கச் சொன்னீங்க?”

“தப்பாச் சொல்லிட்டேன்.”

“நடுவர் பாத்துட்டுப் போயாச்சு. அதோட, பூவே இல்லையே சார். எதை வைக்கிறது?”

அங்காயி போய்விட்டிருந்தார்.

மறுநாள் காலை வைத்தியலிங்கம் அங்காயியின் வீட்டைத் தேடிப் போனார். சரிவில் ஓட்டு வீடு. வாசலில் பெயின்ட் டப்பாக்களும் எண்ணெய் டின்களும் உடைந்த வாளிகளுமாக வரிசை கட்டி நின்றன. எல்லாவற்றிலும் லில்லி. எதிலும் பெயர்க்குச்சி இல்லை. அவர் தன் பழக்கத்தில் குனிந்து இரண்டு இலையை நீவிப் பார்த்தார். வித்தியாசம் பிடிபடவில்லை.

அங்காயி வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நாப்பதும் இருக்குதா?” என்று கேட்டார் வைத்தியலிங்கம். வேறு எதைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“முப்பத்தாறு. நாலு அழுகிப்போச்சு.” அங்காயி டப்பாக்களைக் காலால் சுட்டினார். “அது சோம்பேறி, ஒரு நாள் பிந்தித்தான் பூக்கும். அது வெயில் தாழ்ந்தா மூடிக்கும். இதுக்கு ரோஸ் ஓரம், மூணாம் வருசந்தான் வந்துச்சு. குழியில கெடந்தப்ப ஒவ்வொண்ணும் பால் பல்லாட்டம் இருந்துச்சு. உசுரோட இருக்கறத எருவோட மிதிக்க மனசு வரலை. அள்ளியாந்தேன். அது திருட்டுங்களா?”

“இல்ல. நான்தான் தப்பு. மன்னிச்சிரணும்.”

அங்காயியின் முகம் இறுகியது.

“காட்சிக்குப் போறன்னு எம்மவ புதுச்சீலை எடுத்துக் குடுத்தா. அதக் கட்டிக்கிட்டு நின்னேன். திருடின்னு சொன்ன. பூவப் புடுங்குன. எம்பேத்தி பக்கத்துல நின்னு பாத்தா.” இத்தனை நாளும் அவரைச் ‘சார்’ என்றும் ‘வாங்க போங்க’ என்றும் பேசியவர் அங்காயி. “அத்தன பேரு பாக்கக் கத்துன. இன்னிக்கு ஒரு ஈ காக்கா இல்லாதப்ப வந்து காதுல மன்னிப்புக் கேக்குற. போ.”

“அங்காயி…”

“போ வெளியே!”

வைத்தியலிங்கம் போனார். முதலில், ஒரு களை எடுக்கிற பொம்பளை என்னை ‘போ’ என்றாளே என்று கொதித்தார். சாயங்காலம், அவள் சொன்னதில் எந்த வார்த்தை பொய் என்று தேடிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

காட்சியின் கடைசி நாள், பரிசளிப்பு முடிந்ததும், அவர் மேடை ஏறி ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். அங்காயிக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அங்காயி வந்து, கூட்டத்துக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“முந்தாநாள் நான் இங்க ஒருத்தரைத் திருடின்னு சொன்னேன்” என்றார் வைத்தியலிங்கம். “அது பொய். அந்தச் செடியைத் தேறாதுன்னு எருக்குழியில எறிஞ்சவன் நான். எடுத்து மூணு வருஷம் வளர்த்தவங்க அங்காயி அம்மா. அந்த ரகம் அவங்களுது. அவங்க பூவைப் பறிச்சது என் அயோக்கியத்தனம். மன்னிப்புக் கேக்கிறேன்.”

கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். சிலர் யார் என்று விசாரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர், “இதுக்குப் போயி மைக்கா?” என்றார். அங்காயி கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார். பிறகு பேத்தியை அழைத்துக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமல், நடந்து போனார்.

அடுத்த வாரம் அங்காயி வழக்கம்போலத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தார். எல்லாப் பாத்தியிலும் களை எடுத்தார். வைத்தியலிங்கத்தின் நான்கு பாத்திகளை மட்டும் தாண்டிப் போனார். அவர் வணக்கம் சொன்னார். அங்காயியின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. ஆனியும் போனது, ஆடி மழையும் வந்தது. அவருடைய பாத்திகளில் களையை அவரே பிடுங்கினார். தினமும் வணக்கம் சொன்னார். ஒரு நாளும் பதில் இல்லை.

ஒரு நாள் பிடுங்கிய கோரையை வீசி எறிந்துவிட்டு, மண் அப்பிய கையோடு அவர் தமயந்தியின் முன்னால் போய் நின்றார்.

“வீடு தேடிப் போய்க் கேட்டேன். ஊர் கூட்டி மைக்கில கேட்டேன். நான் எறிஞ்சேன், நான் பொய் சொன்னேன்னு என் வாயால சொன்னேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன டீச்சர் செய்வான்? ரெண்டு மாசமாச்சு. அந்தக் கோபம் எப்பத்தான் தீரும்?”

தமயந்தி கையிலிருந்த கிழங்கின் மண்ணைத் தட்டி, குழியில் வைத்து, மண்ணை மூடினார். விரலால் சுற்றிலும் அழுத்தினார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“பூவை உங்களுதுன்னு சொன்னீங்க” என்றார். “கோபமாவது அவங்களுதா இருக்கட்டும், சார்.”