சான்று

அந்த மலையடிவாரத்துப் பட்டறையில் பகலிலும் பனி விலகாது. உலை நெருப்பு தண்ணீருக்கு அடியில் எரிவதுபோலத் தெரியும். அங்கே கவசம் செய்பவர் சாத்தன். அவருடைய சீடர் கூத்தன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருடம் பொன்வேலை பார்த்துவிட்டு இரும்புக்கு வந்தவர்.

மறுநாள் கூத்தனின் தம்பி போருக்குப் புறப்படுகிறான். அவனுக்கென்று ஒரு மார்புக்கவசத்தைக் கூத்தனே அடித்து முடித்திருந்தார்.

முடித்த கவசத்தை மரக்கட்டையில் மாட்டி, இருபது தப்படி தள்ளி நின்று அம்பு எய்வது அந்தப் பட்டறை வழக்கம். அம்பு துளைக்காமல் பள்ளம் மட்டும் விழுந்தால் அந்தப் பள்ளத்துக்குச் சான்று என்று பெயர். வாங்க வருகிற வீரர்கள் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார்கள்.

கூத்தனின் கவசத்திலும் சான்று விழுந்தது. பொன்வேலை பழகிய கை சும்மா இருக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே இப்படியொரு வடுவா என்று பள்ளத்தை உள்ளிருந்து தட்டி நிமிர்த்தி, தேய்த்து, மெருகேற்றிவிட்டார். கவசம் குளத்து நீர்போல மினுங்கியது.

தம்பி வந்து தடவினான். விரல் எங்கும் தங்கவில்லை.

"கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டால் எடுப்பாக இருக்கும், அண்ணா" என்றான். கூத்தன் மாட்டிவிடப் போனபோது போட்டுப் பார்க்க மறுத்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டான்.

கூத்தன் ஆசானிடம் முறையிட்டார். சோதித்த இரும்புதானே என்றார். தட்டிய இடம் மெலிந்திருக்கும், இனி இது வேறு இரும்பு என்றார் சாத்தன்.

"ஒரு பள்ளத்துக்குப் போய்ச் சான்று என்று யார் பெயர் வைத்தது, ஆசானே?"

சாத்தன் கவசத்தை எடுத்துத் தன் மார்பில் வைத்து, முதுகில் வாரை இறுக்கச் சொன்னார். பிறகு பனிக்குள் இருபது தப்படி நடந்து திரும்பி நின்றார். ஆள் மறைந்து இரும்பு மட்டும் மிதந்தது.

"ஆதியில் மரக்கட்டை கிடையாது. ஆசான் போட்டுக்கொண்டு நிற்பார். செய்தவன் எய்வான். எய்யுங்கள், கூத்தரே."

கூத்தன் நாணை இழுத்தார். அம்பு நுனி ஓரிடத்தில் நிற்கவில்லை. வில்லைத் தாழ்த்தினார்.

"முடியவில்லை, ஆசானே. கை நடுங்குகிறது."

பனிக்குள்ளிருந்து குரல் மெதுவாக வந்தது.

"தம்பிக்கு மாட்டிவிடப் போனபோது நடுங்கவில்லையே."