பதினைந்து டிகிரி பெட்ரோல்

கொடைக்கானல் மலையடிவாரத்தில், கரட்டுப்பட்டிக்குச் சாலை பிரியும் விலக்கில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே தங்கமானவர்கள், சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். முதலாளியம்மா ரத்தினாவதிக்கு ரத்தக்கொதிப்பு வந்ததே அதனால்தான் என்று ஊரில் பேச்சு.

மூவரில் நெட்டையன் சடையாண்டி. சூப்பர்வைசர் ஆகிவிட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. சூப்பர்வைசருக்கு வெள்ளைச் சட்டை என்று கேள்விப்பட்டு, அவன் பெண்டாட்டி துணிகூட எடுத்து வைத்துவிட்டாள்.

ஒரு நாள் முதலாளியம்மா சிவகாசியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினார். காரில் ஏறும்முன் சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"பங்க் வறண்டு கிடக்கு. இன்னிக்கு லோடு வரும். சாயங்காலத்துக்குள்ள பூமிக்கடியில இருக்குற நம்ம டேங்க்ல இறக்கிட்டேன்னா நாளையிலருந்து நீதான் சூப்பர்வைசர். கோட்டை விட்டே, ஆயுசுக்கும் டயருக்குக் காத்தடிக்க வேண்டியதுதான்."

"சொல்லுங்கம்மா, அப்படியே செஞ்சிர்றேன்."

அவர் ஒரு ஹைட்ரோமீட்டரை நீட்டினார். கண்ணாடிக் குழாய், அடியில் குண்டு, மேலே ஒல்லிக் கழுத்தில் எண்கள். ஜாரில் பெட்ரோலை ஊற்றி இதை மிதக்கவிட்டால், பெட்ரோல் எந்த எண்ணைத் தொட்டு நிற்கிறதோ அதுதான் டென்சிட்டி, அதாவது அடர்த்தி.

"பச்சைப் பிள்ளை மாதிரி பாத்துக்க. கண்ணுக்கு நேரா வச்சுத்தான் படிக்கணும். லாரிச் சீட்டுல பதினஞ்சு டிகிரிக்கு உள்ள டென்சிட்டி போட்டிருப்பாங்க. ஒத்துப்போனா அந்த இடத்துலயே உடனே இறக்கு. ஒத்துப்போகலைன்னா ஒரு சொட்டு இறக்கக் கூடாது."

பெட்ரோல் சூடானால் டென்சிட்டி குறையும். எந்தச் சூட்டில் அளந்தாலும் அது பதினைந்து டிகிரிக்கு எவ்வளவு என்று காட்டும் அட்டவணை ஒன்று அலமாரியில் இருந்தது. அதைச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் நல்ல நேரம் போகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்துவிட்டான். கார் போய்விட்டது.

பச்சைப் பிள்ளைக்கு முதலில் குருவம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்துத் தொட்டில் கட்டினாள். பெட்ரோல் போடும் குருவம்மாள் நாலு பிள்ளை பெற்றவள், அவளுக்குத் தெரியாததா?

"கண்ணு பட்டுரும்ண்ணே, பளபளன்னு இருக்கு" என்று கழுத்தில் மையால் பெரிதாக ஒரு திருஷ்டிப் பொட்டும் வைத்தாள்.

காலை பத்து மணிக்கெல்லாம் டேங்கர் லாரி வந்தது. பின்னாலேயே பெட்ரோல் தீர்ந்த வண்டிகளும் வந்து வரிசையில் நின்றன. லாரிக்காரர் ஆரோக்கியம் பெரிய மனிதர் மாதிரிதான் இருந்தார். "பங்க்காரவுக சொல்ற இடத்துக்கு ஓட்டுறதுதான் என் வேலை. ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டேன்" என்றார். கேட்டிருக்கலாம்.

ஜாரில் பெட்ரோல் எடுத்தார்கள். கண்ணுக்கு நேராக வைக்க வேண்டும். யார் கண்ணுக்கு?

"பொறுப்பு என்கிட்டதான இருக்கு? என் கண்ணுக்குத்தான்" என்றான் சடையாண்டி.

மூன்றாவது ஆள் இருளப்பன் குட்டை. அவனுடைய உச்சந்தலை சடையாண்டியின் கண்ணுக்குச் சரியாக நேரே வந்தது. ஆண்டவன் காரணமில்லாமல் யாரையும் குட்டையாகப் படைப்பதில்லை என்று சடையாண்டி உருகிப்போய், ஜாரை அவன் தலையில் வைத்தான்.

"அசையாதடா."

"மூச்சு விடலாமாண்ணே?"

"விடு. ஆனா மெதுவா விடு."

ஹைட்ரோமீட்டரை இறக்கினார்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் பொட்டு இருந்தது. குருவம்மாள் மனசே இல்லாமல் அதைத் துடைத்தாள். எழுநூற்று இருபத்தொன்று. சீட்டில் எழுநூற்று நாற்பத்திரண்டு.

சடையாண்டி லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டான். "மிச்சம் இருபத்தொண்ணு எங்கய்யா?"

"வர்ற வழியில நான் எங்கயும் நிறுத்தலையே" என்றார் ஆரோக்கியம்.

குருவம்மாள் தெர்மாமீட்டரை ஜாரில் விட்டுப் பார்த்தாள். "அண்ணே, இது முப்பத்தெட்டு டிகிரியில இருக்கு. அம்மா பதினஞ்சுல்ல சொன்னாக?"

லாரியைச் சுற்றி வந்து அட்டையால் விசிறினார்கள். சூடு இறங்கவில்லை, அவர்களுக்குத்தான் வியர்த்தது. அப்போதுதான் இருளப்பன் வாயைத் திறந்தான்.

"எங்க மச்சான் கொடைக்கானல்ல ஸ்வெட்டர் விக்கிறான். அங்க எப்பவும் பதினஞ்சுதானாம்."

"அப்ப ஜாரை மட்டும் பஸ்ல கொண்டுபோய்ப் பாத்துட்டு வந்துருவோமா?" என்றாள் குருவம்மாள்.

சடையாண்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஜார்ல இருக்குறதுக்கு ஒத்துப்போகும். லாரியில இருக்குறதுக்கு யாரு பதில் சொல்றது?"

லாரியோடு மலையேறுவதென்று முடிவானது. வரிசையில் நின்றவர்களிடம், "டென்சிட்டி பாத்துட்டு வந்துர்றோம், யாரும் இடத்தை விட்றாதீக" என்று சொல்லிவிட்டு, தொட்டிலை லாரிக்குள் கட்டிக்கொண்டு மலையேறினார்கள். ஒவ்வொரு வளைவிலும் குருவம்மாள் தொட்டிலை ஆட்டிவிட்டாள். ஆரோக்கியம் ஒன்றும் கேட்கவில்லை.

மலைமேல் மஞ்சு இறங்கிக் கிடந்தது. ஜார் மறுபடி இருளப்பன் தலைக்கு ஏறியது. குளிரில் அவன் பல் தந்தியடிக்க, பெட்ரோலும் கூடவே ஆடியது. வாயில் துண்டைக் கடிக்கக் கொடுத்த பிறகுதான் ஆட்டம் நின்றது. நெடுநேரம் கழித்து தெர்மாமீட்டர் பதினைந்துக்கு வந்தது. சடையாண்டி குலசாமியைக் கும்பிட்டுவிட்டு எண்ணைப் பார்த்தான்.

எழுநூற்று நாற்பத்திரண்டு!

சடையாண்டி அழுதேவிட்டான். கண்ணுக்குள் வெள்ளைச் சட்டை தெரிந்தது. இறக்க வேண்டியதுதான் பாக்கி. இருளப்பனிடம் ஒரு வேலையைச் சொல்லி அவனைப் பஸ் ஏற்றிவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் முதலாளியம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, அச்சுப்பிசகாம ஒத்துப்போச்சு!"

"அட, என் ராசா! அப்ப இறக்கிட்டியா?"

"இறக்குறதுக்கு நம்ம டேங்க் இங்க இல்லையேம்மா. நாங்க கொடைக்கானல்ல இருக்கோம்."

மறுமுனையில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம். பிறகு முதலாளியம்மா கத்தினார். "லாரியக் கீழ கொண்டாந்து இறக்குங்கடா, பாவிகளா!"

சடையாண்டிக்கு வருத்தமாகப் போய்விட்டது. படித்தவர் இப்படிப் பேசலாமா?

"கீழ வந்தா மறுபடி சூடாயிரும்மா. ஒத்துப்போகாது. ஒத்துப்போகாட்டி ஒரு சொட்டு இறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீக? ஒத்துப்போன இடத்துலயே இறக்கணும்னும் சொன்னீக."

முதலாளியம்மா ஈனக்குரலில் கேட்டார். "இருளப்பன் எங்கடா?"

"டேங்கை எடுத்துட்டு வரத்தான் கீழ போயிருக்கான். நீங்க விசனப்படாதீங்கம்மா. வரிசையில நின்ன சனமெல்லாம் கடப்பாரையைக் கொண்டாந்து ஆளுக்கொரு கை தோண்டுறாகளாம். பாதி டேங்க் வெளிய வந்துருச்சுன்னு இப்பதான் போன் பண்ணுனான்."