நடுவில் நின்ற வெள்ளைக் கல்

கேளுங்கள், பிள்ளைகளே. இது குளிர் மிகுந்த ஸ்காட்லாந்து நாட்டில், ரொம்பக் காலத்துக்கு முன்னால் நடந்த கதை.

அங்கே மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பங்கு, அந்தப் பக்கம் ஒரு பங்கு. ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த சிற்றூர்களைப் 'பங்கு' என்று சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே ஆளை விழுங்கும் புதைசேறு. அதைக் கடக்க ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அதன் ஓரத்தில் மூன்று எல்லைக் கற்கள்.

வெயில் நாளில் பாதை கண்ணுக்குத் தெரியும். மூடுபனி இறங்கினால் ஒன்றும் தெரியாது. அதனால் வசந்தம்தோறும் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். பனியிலும் அந்த வெள்ளை மங்கலாகத் தெரியும். ஒரு கல்லைத் தொட்டுவிட்டு அடுத்த கல்லை நோக்கி நேராக நடப்பார்கள். "கல்லை நம்பு, குரலை நம்பாதே" என்று குழந்தைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். சேற்றுப் பேய் வேண்டியவர்களின் குரலில் கூப்பிடும் என்று அவர்களுக்குப் பயம்.

லாக்லன் என்று ஓர் ஆட்டுக்காரன். ஆடுகள் ஏராளம், ஆசை அதைவிட ஏராளம். நடுக் கல்தான் இரண்டு பங்குக்கும் எல்லை; அதற்கு அப்பால் மேட்டில், அடுத்த பங்கின் புல் பச்சைப் பசேலென்று இருந்தது. "சுண்ணாம்பு வேலையை நானே பார்த்துக்கிறேன்" என்றான். ஊரும் மெச்சியது. முதல் வசந்தத்தில் நடுக் கல்லைப் பாதையை விட்டு, அந்தப் புல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நட்டான். இரண்டாம் வசந்தத்தில் இன்னும் கொஞ்சம். மூன்றாம் வசந்தத்தில் புல்வெளியே அவனுடையதாகிவிட்டது. பாவி, பாதையை அவன் நினைத்தே பார்க்கவில்லை!

அந்த இலையுதிர் காலத்தில், அவன் ஒரே மகள் இஸ்பெல் அந்தப் பக்கத்துப் பங்கிலிருந்த அத்தை வீட்டிலிருந்து திரும்பும்போது பனி சூழ்ந்துகொண்டது. ஊரார் இக்கரையில் காத்து நின்றார்கள்.

"முதல் கல்லுக்கு வந்துட்டேன்!" என்று அவள் குரல் கேட்டது.

லாக்லனுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் கல்லிலிருந்து நடுக் கல்லுக்கு நேராக நடந்தால் இப்போது இடையில் சேறு! ஆனால் பக்கத்தில் ஊரே நிற்கிறது. உண்மையைச் சொன்னால் திருட்டு வெளிப்பட்டுவிடும்.

பிறகு, "அங்கேயே நில்லும்மா!" என்று கத்தினான்.

"அடுத்த கல்லைப் பார்த்து நடக்காதே!" என்று கத்தினான்.

கடைசியில், "கல்லை நகர்த்தினது நான்தான், கண்ணு!" என்று அலறினான். ஊரார் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. "சீ, பேயே! எங்க அப்பா குரல்ல பேசி ஏமாத்தப் பாக்குறியா? எங்க அப்பா அப்படிப்பட்டவர் இல்லை."

அவள் நடந்தாள். பிறகு சத்தமே இல்லை.

பனி விலகியதும் கயிறு கட்டி அவளை வெளியே எடுத்தார்கள். உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. இறுக மூடியிருந்த கையைப் பிரித்தால், உள்ளங்கையில் மட்டும் லாக்லன் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு.

ஊர் நம்பும் அடையாளத்தைத் தன் ஆசைக்காக மாற்றியவன், பிறகு உண்மையையே சொன்னாலும் அது யாரையும் காப்பாற்றாது.