ஆற்றுத்துறையில் ஒரு பெண் சொன்னது

சாந்தையன் இளம் வயதில் கன்னட நாட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்தவன். தமிழ் அரசன் ஒருவனின் படையில் வேல்வீரனாகச் சேர்ந்தான். பல போர்களில் பெயரெடுத்தான். தலை நரைத்தபோது அரசன் அவனை வடக்கு எல்லைக்கு ஆளுநராக்கினான்.

எல்லை என்பது ஓர் ஆறு. அக்கரை அவன் பிறந்த நாடு.

இக்கரை மலைக்குகையில் ஒரு சமணப் பெண் துறவி இருந்தார். குரத்தியார் என்பார்கள். வயதில் அவனுக்கு மகள் போன்றவர். ஆனாலும் சாந்தையன் அவரைத்தான் குருவாகக் கொண்டிருந்தான்.

அந்த ஆண்டு அக்கரையில் மறுபடியும் பஞ்சம். ஜனங்கள் ஆற்றுத்துறையில் வந்து குவிந்தார்கள். ஒருவரையும் இக்கரையில் ஏறவிடக் கூடாது என்று அரசனின் ஆணை வந்தது. சாந்தையன் ஓடங்களையெல்லாம் இக்கரைக்கு இழுத்துக் கட்டச் சொன்னான்.

ஒரு பெண் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று கத்தினாள். காவலர்கள் தெற்கத்தியார், அவள் பேச்சு புரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று ஆளுநரைக் கேட்டார்கள்.

நாங்கள் திரும்பிப் போய்விடுகிறோம், குழந்தையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் அவள் சொன்னாள். அதைச் சொன்னால் எவனாவது ஓடத்தை அவிழ்த்துவிடுவான் என்று சாந்தையனுக்குத் தெரியும்.

"நம் அரசனை வைகிறாள்," என்றான்.

காவலர்கள் கல்லெறிந்தார்கள். அவள் பின்வாங்கிப் போனாள். கோடை முடிவதற்குள் அக்கரையில் சத்தம் அடங்கிவிட்டது. கழுகுகள் மட்டும் சுற்றின.

அரசன் அவனுக்குப் பட்டும் விருதும் அனுப்பினான். சாந்தையன் மலையேறிப் போய், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் குரத்தியாரிடம் சொன்னான். உண்ட சோற்றுக்கு உண்மையாக இருந்தேன், ஆனால் இப்போது அந்தச் சோறு தொண்டையில் இறங்கவில்லை என்றான்.

"தாயே, நோன்பிருக்கிறேன். பதவியை விட்டுவிடுகிறேன். அக்கரையில் அறச்சாலை கட்டுகிறேன். எதைச் செய்தால் இது தீரும்?"

"அவள் சொன்னதை வேறு யாரிடம் சொன்னாய்?"

"யாரிடமும் இல்லை."

"கல்லெறிந்தவர்களிடம்?"

"அவர்கள் பிள்ளைகுட்டிக்காரர்கள், தாயே. தெரிந்தால் தாங்கமாட்டார்கள். அவர்களாவது நிம்மதியாக இருக்கட்டும்."

"அவளைப் பற்றிப் பேசுகிறார்களா?"

சாந்தையன் தயங்கினான். "இன்றும் திட்டுகிறார்கள்."

குரத்தியார் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியானால் அவள் இன்னும் தண்ணீரில்தான் நிற்கிறாள், சாந்தையா. மலையிறங்கிப் போய் அவர்களிடம் சொல். நோன்பைப் பற்றிப் பிறகு பேசலாம்."

வெயில் சாயும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.