ஆரோக்கியசெல்வியின் இத்தாலி சைக்கிள்

"மாஸ்டர், இது ஒரிஜினலா டூப்ளிகேட்டா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க!"

சைக்கிளைக் கடைக்குள் உருட்டிக்கொண்டு வரும்போதே கேட்டார் குழந்தைவேலு. மூச்சு வாங்கியது. சட்டை முழுக்க ஒட்டடை.

மாஸ்டர் என்பது ஃபர்ஹானா. வயது முப்பத்தொன்று. ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ரேஸ் ஓட்டியவர். இப்போது போத்தனூரில் ரேஸ் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஒரு பழைய சைக்கிள் என்ன ஜாதி, என்ன பெறும் என்று தெரிய வேண்டுமானால் கோயம்புத்தூரில் அவரிடம்தான் வருவார்கள்.

குழந்தைவேலு அவரைவிட இருபது வயது மூத்தவர். பாலிடெக்னிக் லேபில் இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, இரண்டு வருடமாக அவரிடம் பாடம் கேட்கிறார்.

ஃபர்ஹானா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கிடைச்சுது?"

"எங்க ஏரியாவுக்குத் தபால் கொண்டுவர்ற ஆரோக்கியசெல்வி வீட்டுல, பரண் மேல. அவங்க அப்பா மில்லுல வாட்ச்மேனுங்க. மெஷின் மாட்ட வந்த இத்தாலி இஞ்சினியர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பறப்ப அவருகிட்டக் குடுத்துட்டுப் போனதாம். அப்பா சாகற வரைக்கும் யாரையும் தொட விடலையாம். சாக்குல சுத்தி வெச்சிருந்தாரு மாஸ்டர்! நாப்பது அம்பது வருசமா!"

"விக்கறாங்களா?"

"வீடு மாத்தறாங்க. 'நீங்களே ஒரு விலை சொல்லுங்க சார், பிடிச்சா நீங்களே எடுத்துக்குங்க'ன்னுட்டாங்க. சாயங்காலம் இங்க வர்றாங்க."

இதைச் சொல்லிக்கொண்டே குழந்தைவேலு சைக்கிள் சீட்டைத் தடவிக்கொடுத்தார்.

"எதை வெச்சு இத்தாலின்னு சொல்றீங்கண்ணா?"

அவர் பெருமையோடு சட்டத்தைக் காட்டினார். உலகமெல்லாம் தெரிந்த ஓர் இத்தாலிக் கம்பெனியின் பெயர் அதில் பளபளத்தது.

ஃபர்ஹானா கட்டைவிரல் நகத்தை அதன் ஓரத்தில் வைத்தார். ஒரு இழுப்பு. பெயர் முழுசாக உரிந்து கையோடு வந்தது.

வெறும் ஸ்டிக்கர்.

குழந்தைவேலு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சா?"

"ஸ்டிக்கர் போச்சு. சைக்கிள் இங்கதான நிக்குது?"

ஃபர்ஹானா ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"வலது பக்கம் பெடல் கட்டையைக் கழட்டி, உள்ள இருக்கற பேரிங் கப்பைக் கழட்டுங்க."

குழந்தைவேலு எழுந்தார். கட்டையைக் கழற்றினார். கப்பில் ஸ்பேனரை மாட்டி, வழக்கம்போல வலப்புறமாகத் திருப்பினார். அசையவில்லை. எண்ணெய் விட்டு மறுபடி திருப்பினார். கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம்.

"துருப் பிடிச்சிருச்சுங்."

"நம்ம ஊரு சைக்கிள்ல அந்தப் பக்கம் எப்படிக் கழட்டுவோம்?"

"அது எதிர்மரை, மத்த திருகாணிக்கு நேர்மாறு. வலப்பக்கமாத் திருப்பினா வந்துரும்."

"வரலையே."

ஒரு நொடி. குழந்தைவேலுவின் வாய் திறந்தபடி நின்றது. ஸ்பேனரை இடப்புறமாகத் தள்ளினார்.

'க்ரக்' என்றது. கப் சுழன்று வந்தது.

"நேர்மரை! ரெண்டு பக்கமும் நேர்மரை! மாஸ்டர், இத்தாலிக்காரன்தான இப்படிப் போடுவான்?"

ஃபர்ஹானா அளவெடுக்கும் வெர்னியரை நீட்டினார்.

குழந்தைவேலு கப் இருந்த குழாயின் அகலத்தை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அளந்தார்.

"எழுவது மில்லிமீட்டர்! இங்கிலீஷ் சைக்கிளா இருந்தா அறுவத்தெட்டு!"

"சீட் கம்பி?"

"இருபத்தேழு புள்ளி ரெண்டு! உள்ள இவ்வளவு தடிச்ச கம்பி போகுதுன்னா மெல்லிசுக் குழாய். உசத்திக் குழாய்!"

"பின் கியர்?"

அவர் தரையில் படுத்தேவிட்டார். அழுக்கை வேட்டி நுனியால் துடைத்தார்.

"எழுவத்தஞ்சுன்னு வருசம் போட்டிருக்கு மாஸ்டர்!"

"கண்ணை மூடுங்க."

மூடினார். ஃபர்ஹானா அவர் விரலைப் பிடித்து, ஹேண்டிலுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் குழாயின் அடியில் வைத்தார்.

"எங்கயாவது மோதியிருந்தா இந்த இடம் சுருங்கியிருக்கும். தடவிப் பாருங்க."

குழந்தைவேலு தடவினார். முன்னும் பின்னும் தடவினார். கண்ணை மூடியபடியே சிரித்தார்.

"வழவழன்னு இருக்குங்."

ஃபர்ஹானா சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பினார். மண்ணெண்ணெய்த் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். ஓர் எண் தெரிந்தது. அதன் பக்கத்தில், அரம் வைத்து ராவிய சின்ன மீன் ஒன்று.

ஃபர்ஹானாவின் கை நின்றது.

"என்ன மாஸ்டர்?"

"இது கம்பெனி செஞ்சதில்லை. யாரோ ஒருத்தர் பட்டறையில உக்காந்து, ஒரே ஒரு ஆளுக்காகச் செஞ்சது."

"யாரு?"

"தெரியலை."

அதைச் சொல்லும்போது அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. குழந்தைவேலு அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"சரி, விலை என்ன மாஸ்டர்?"

ஃபர்ஹானா பில் புத்தகத்தில் இருந்து இரண்டு தாள்களைக் கிழித்தார்.

"இது உங்க சைக்கிள், நீங்க விக்கறீங்க. எவ்வளவு கேப்பீங்க? இதுல எழுதுங்க."

குழந்தைவேலு யோசிக்கவே இல்லை. ஒன்றரை லட்சம் என்று எழுதினார்.

"இது அவங்க சைக்கிள், நீங்க வாங்கறீங்க. இதுல எழுதுங்க."

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. பிறகு நாற்பதாயிரம் என்று எழுதினார்.

"அவங்க வந்ததும் ஒரு சீட்டைக் குடுங்க."

"எந்தச் சீட்டை?"

"எனக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டு ஃபர்ஹானா சாப்பிடப் போனார்.

மதியம் முழுக்க இருவரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். கப்புக்குப் புது கிரீஸ். செயினுக்கு எண்ணெய். மக்கிப்போன டயர்களோடு இருந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடையில் தொங்கிய வேறு ஜோடியை மாட்டினார்கள். துடைக்கத் துடைக்க நீலம் வந்தது. குழந்தைவேலு அடிக்கடி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு சீட்டும் அங்கேதான் இருந்தன.

நாலு மணிக்கு ஆரோக்கியசெல்வி வந்தார். காக்கி யூனிஃபார்ம். நல்ல உயரம். பதினாறு வருடமாகத் தபால் மூட்டையோடு மிதிக்கும் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தவர், தன் வீட்டுப் பரணில் கிடந்ததை அடையாளம் தெரியாமல் தேடினார்.

"இதுவா சார்?"

"இதேதாம்மா."

"என்ன சார் பெறும்? ஒரு ரெண்டாயிரம்?"

குழந்தைவேலு ஃபர்ஹானாவைப் பார்த்தார். ஃபர்ஹானா ஒரு போல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

குழந்தைவேலு பையில் கைவிட்டார். இரண்டு தாளும் கையில் வந்தன. ஒன்றைக் கசக்கி வாயில் போட்டுக்கொள்ளலாமா என்பதுபோல் நின்றார். பிறகு, முதலில் எழுதியதை நீட்டினார். இன்னொன்று உள்ளங்கையில் உருண்டையாகியது.

ஆரோக்கியசெல்வி வாய்விட்டுப் படித்தார். சுழியங்களை விரலால் தொட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"சார், விளையாடாதீங்க."

"சத்தியமா அவ்வளவு பெறும்மா. ரெண்டு பக்கமும் நேர்மரை! எழுவது மில்லி! அடிபடவே இல்லை! அடியில மீன் இருக்கும்மா, மீன்!"

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் குழந்தைவேலு குதிப்பதைப் பார்த்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சைக்கிள் பக்கத்தில் போனார். தொடப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"நான் இதைத் தொட்டாலே அப்பா திட்டுவாரு. விக்கறதுக்கு முன்னால... ஒரே ஒரு ரவுண்டு ஓட்டிக்கட்டுமா சார்?"

"கியர் எதையும் தொடாதீங்க. அப்படியே மிதிங்க" என்றார் ஃபர்ஹானா.

ஆரோக்கியசெல்வி ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார். "ஐயோ, வெயிட்டே இல்லை!"

ஏறினார். அவருக்கே அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. ஒரு மிதி. சைக்கிள் அவரை விட்டுவிட்டு ஓடப் பார்த்தது. "யேசுவே!" என்ற சத்தம் மட்டும் கடைக்குள் கேட்டது. அதற்குள் அவர் ரயில்வே கேட் திருப்பத்தில் மறைந்திருந்தார்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம்.

"மாஸ்டர், எங்கயாவது விழுந்துட்டாங்களா?"

ஃபர்ஹானா தெருவைக் கை காட்டினார்.

நீலமாக ஒன்று வந்தது. ஆரோக்கியசெல்வி கூந்தல் அவிழ்ந்து பறக்க, ஒரு ஷேர் ஆட்டோவைத் தாண்டிக்கொண்டு வந்தார். கடைக்கு எதிரே வந்தும் பிரேக் பிடிக்கவில்லை.

"சார்! நீங்க போட்ட விலை தப்பு!"

கத்திக்கொண்டே கடந்து போய்விட்டார்.

குழந்தைவேலு நடு ரோட்டில் நின்றார்.

"தப்பா? மாஸ்டர், கூடப் போட்டுட்டனா, கம்மியாப் போட்டுட்டனா?"

"என்னை ஏண்ணா கேக்கறீங்க? விக்கற ஆளு மாதிரியா பறக்கறாங்க? ஓடிப் போய் அவங்களைக் கேளுங்க."

குழந்தைவேலு செருப்பை உதறிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.