மூன்று நிமிடத் தண்ணீர்

தண்ணீரைப் பற்றிப் படிக்க ஹாலந்துக்குப் போனார் எத்திராஜ். முப்பது வருடமாக ஒரு நகராட்சிக்குத் தண்ணீர் விட்ட பொறியாளர் அவர். ஓய்வுக்கு நாலு வருடம் இருக்கும்போது மூன்று வாரப் படிப்பு. அலுவலகத்தில் சிரித்தார்கள். “மீன் போய் நீச்சல் கத்துக்கிட்டு வரப்போவுது” என்றார் கணக்கர். எத்திராஜ் சிரிக்கவில்லை. அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. ஊரில் யாரிடமும் அதைக் கேட்க முடியவில்லை.

ஆசிரியை யோகமலர் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக்காலத்தில் பள்ளிச் சீருடையோடு அந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர். வகுப்பில் இங்கிலீஷ், வகுப்பு முடிந்தால் எத்திராஜிடம் தமிழ். இவரை ‘அண்ணை’ என்று கூப்பிடுவார். சின்னவர் முன்னால் கைகட்டி நிற்பதற்கு எத்திராஜுக்கு முதல் நாள் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது.

இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதை அவரவர் செய்துகாட்ட வேண்டும் என்றார் ஆசிரியை.

எத்திராஜ் அதைக் கரைத்துக் குடித்தவர். குழாயைத் துடைத்தார். ஸ்பிரிட் பஞ்சைக் கொளுத்திக் குழாய் வாயைச் சுட்டார். திறந்துவிட்டு, குழாயில் தேங்கியது போகட்டும் என்று கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டார். பிறகுதான் பாட்டிலில் பிடித்தார். மூடியின் உள்பக்கத்தில் விரல் படவில்லை. பல நாட்டுக்காரர்களும் கைதட்டினார்கள்.

ஆசிரியை கைதட்டவில்லை.

எல்லோரும் போனபின் அவர் எதிரில் போய் நின்றார் எத்திராஜ்.

“டீச்சர், நான் எடுத்தது சரியா?”

“சரி.”

“அதை ஒரு லெட்டரா எழுதிக் குடுப்பீங்களா?”

“ஆருக்கு?”

“விசாரணைக்கு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். போன ஐப்பசியில் அவர் ஊரில், குழாய் போய் முடிகிற கடைசித் தெருவில், மஞ்சள்காமாலை வந்தது. ஏழு பேர் செத்தார்கள். ஏழாவது செல்வராணி. ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுடைய அப்பா காத்தமுத்து, நகராட்சியில் வால்வு திறந்துவிடுகிறவர். தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதும் அவர் வேலைதான்.

“அந்தத் தெருக் கொழாயில மூணு தடவை நானே எடுத்தேன். மூணும் நல்ல தண்ணின்னு ரிப்போர்ட்டு வந்துது. சோதனை பண்ண அன்னிக்கெல்லாம் நல்லா இருக்குது, அப்ப மத்த நாள்ல இவன் பவுடர் போடாம ஏமாத்தியிருக்கான்னு விசாரணையில சொல்றாங்க. வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. பெத்த பொண்ணையே சாவடிச்சவன்னு ஊரே பேசுது. பொண்ணை எடுத்த அன்னிக்கு என் கையைப் புடிச்சிக்கிட்டான். ‘போட்டேன் சார், ஒரு நாள்கூட விட்டதில்ல சார்’னான். அவன் பொய் சொல்ற ஆளு இல்ல.”

“பிறகேன் உங்களுக்குக் கடிதம்?”

“அடுத்து என்னைக் கேப்பாங்க, டீச்சர்.” எத்திராஜ் தலையைக் குனிந்துகொண்டார். சொன்னதும் அவருக்கே அசிங்கமாக இருந்தது. “ஆனா நான் இங்க வந்தது அதுக்கு மட்டும் இல்ல. என் சோதனையும் சரி, அவன் சொல்றதும் சரி. அப்ப அந்தப் பொண்ணு எப்படிச் செத்துது?”

ஆசிரியை எழுந்து குழாயடிக்குப் போனார்.

“இன்னொருக்கா எடுங்கோ, அண்ணை.”

எத்திராஜ் மறுபடியும் துடைத்தார், சுட்டார், திறந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் ஓடியது. ஆசிரியை ஒரு கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்து குழாய்க்கு அடியில் வைத்தார்.

“புடிச்சிக்கோங்க டீச்சர். சும்மா கீழ போற தண்ணிதான” என்றார் எத்திராஜ்.

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். இதே வார்த்தையை இதற்கு முன்னாலும் ஒரு தடவை சொல்லியிருந்தார். ஜாடி நிறைந்து வழிந்தது. குழாயை மூட அவருக்குத் தோன்றவில்லை. ஆசிரியைதான் மூடினார்.

“உங்கட ஊரிலை இந்தத் தண்ணியை ஆர் பிடிக்கிறது?”

“அவதான்.”

“ஆர்?”

“செல்வராணி. குடத்தை எடுத்துக்கிட்டு வந்து நின்னா. ‘வீணாப் போவுதே சார்’னா. வயித்தோட நிக்கிறாளேன்னு… நான்தான் புடிச்சிக்கோம்மா, சும்மா கீழ போற தண்ணிதானன்னு சொன்னேன்.”

ஆசிரியை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எத்திராஜ் உட்காரவில்லை.

“அந்தத் தெருவுக்கு எத்தினை நாளைக்கு ஒருக்காத் தண்ணி?”

“நாலு நாளைக்கு.”

“மிச்ச நாளிலை குழாய் காலியோ?”

“காலிதான்.”

“குழாய்க்குப் பக்கத்திலை என்ன போகுது?”

“சாக்கடை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “அங்கங்க ஓட்டை இருக்குது. குழாய் காலியா இருந்தா உள்ள இழுத்துக்கும். எல்லாம் எனக்குத் தெரியும், டீச்சர்.”

“திறந்தால் எவ்வளவு நேரம் வரும்?”

“கடைசித் தெருவுக்குப் பத்து நிமிஷம் வந்தாலே பெரிசு.”

“முதல் குடம் என்னத்துக்கு?”

அந்தத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். எப்போது நின்றுபோகும் என்று தெரியாத தண்ணீர். அதனால் முதல் குடத்தை வடிகட்டி, மூடி, அடுப்பங்கரையில் வைத்துவிடுவார்கள்.

“குடிக்கிறதுக்கு” என்றார்.

“பிறகு வாறது?”

“துணி துவைக்க. பாத்திரம் கழுவ.”

“அப்ப நீங்கள் சோதிச்சது உடுப்புத் தோய்க்கிற தண்ணியை, அண்ணை.”

எத்திராஜ் இப்போது உட்கார்ந்தார். ஐம்பத்துநாலு வயது மனிதர், முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பவுடர் போட்டவன் போட்டிருந்தான். அது தொட்டித் தண்ணீரோடு மூன்று நிமிடம் கழித்து வந்து இவருடைய பாட்டிலில் விழுந்திருந்தது. அவன் மகள் குடத்தில் விழவில்லை. ஆசிரியை பக்கத்திலேயே இருந்தார்.

வெகுநேரம் கழித்து எத்திராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கு அந்த லெட்டர் வேணாம், டீச்சர்.”

“ம்.”

“ஊருக்குப் போனதும் காத்தமுத்து வீட்டுக்குத்தான் போவணும். அவன் மூஞ்சிய எப்படிப் பாப்பேன்? என்னன்னு ஆரம்பிப்பேன்?”

“நீர் பவுடர் போட்டனீர் எண்டு சொல்லுங்கோ” என்றார் ஆசிரியை. “மிச்சத்தை அவரே கேப்பார்.”